காருக்குள் உப்பு வந்த வழி

மேலதிக வாக்குமூலம்
திகதி: 2012.12.06. நேரம்: காலை 9.40.

பெயர்: அச்சிமுகம்மது மீராமுகைதீன். வயது: 63. தொழில்: நெற்செய்கை, வட்டவிதானை. முகவரி: கடற்கரை இரண்டாம் குறுக்கு, சாய்ந்தமருது. தமிழ் எழுத வாசிக்கத் தெரியும். எவருடைய தூண்டுதலுமின்றித் தானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

2012.11.21ஆம் திகதி மாலை இதே நிலையத்தில் நான் ஒரு முறைப்பாடு செய்தேன். பெரியநீலாவணையைச் சேர்ந்த தங்கத்துரை வினோதன், வயது 29, என்னும் வாகன மின்வேலை செய்பவர், நான் ஓட்டும் காரின் பற்றரிக்குள் வேண்டுமென்றே கடல்நீர் ஊற்றினார் என்று அதில் கூறினேன். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். அவர் யுத்தம் முடிந்த பின்னர் புனர்வாழ்வு முகாமில் இருந்து விடுதலையானவர் என்பதால் விசாரணை வேறு பிரிவினருக்குப் போயுள்ளதாகவும், நாளை வெள்ளிக்கிழமை அவரைக் கொழும்புக்கு அனுப்பும் கடிதத்துடன் எனது வாக்குமூலமும் இணைக்கப்படுவதாகவும் நேற்று அறிந்தேன். அந்தக் கடிதம் போவதற்கு முன்னர், முதலில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்துள்ளேன்.

நான் வட்டவிதானையாக இருபத்திரண்டு வருடம் வேலை செய்கிறேன். எங்கள் கண்டம் என்னும் வயல் தொகுதிக்கு வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடுவது எனது பொறுப்பு. ஒரு வயலுக்கு நீர் வந்து சேரவில்லை என்றால், இடையில் எவன் வரம்பை வெட்டித் திருப்பினான் என்று தேடிப் பிடிப்பதும் என் பொறுப்பு. ஆகையால் ஒரு மனிதரைக் கண்டதும் இவர் எதை ஒளிக்கிறார் என்று பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை நான் சரியாகவே பிடித்திருக்கிறேன். இதை இங்கே சொல்லக் காரணம், நான் முதல் வாக்குமூலம் கொடுத்த அன்று எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை என்பதைத் தெரிவிப்பதற்காகும்.

மேற்படி கார் எனது மகள் நுஸ்ஹாவின் கணவருடையது. அவர் கட்டாரில் வேலை செய்கிறார். இவ்வருடம் மார்ச் மாதம் லீவில் வந்தபோது ஜப்பானில் ஓடிய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டுப் போனார். எங்கள் வழக்கப்படி மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்து நானும் மனைவி சுஹறாவும் அதே வளவில் பின்பக்கம் இருக்கிறோம். போகும் நாளில் மருமகன் என்னிடம், "மாமா, கிளினிக்குக்கு, கலியாண வீட்டுக்குக் கொண்டு போங்க. வயலுக்கு மட்டும் இதக் கொண்டு போக வேணாம்" என்று சொன்னார். நான் ஓம் என்றேன். அவர் விமானம் ஏறி ஒரு கிழமை ஆகுமுன்னரே காரை வயலுக்குக் கொண்டு போகத் தொடங்கினேன். எனது மோட்டார் சைக்கிள் பழுதாகி இருந்தது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது திருத்தப்பட்ட பின்னரும் காரிலேயே போனேன். சத்தமில்லாமல் போய் வாய்க்கால் கரையில் நிற்க அது மிகவும் வசதியாக இருந்தது, தண்ணீர் திருப்புகிறவன் காதில் ஒன்றும் விழாது.

2012.10.08ஆம் திகதி திங்கட்கிழமை காலை கார் உயிர்க்கவில்லை. கல்முனைப் பக்கத்தில் இந்தக் கார்களின் வேலை தெரிந்தவர் வினோதன் என்று பலரும் சொன்னதால் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பத்து மணியளவில் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கே வேலை பழகினாய் என்று நான் கேட்டதற்கு, "முகாமில ஒரு வருசம் படிச்சன் விதானையார். பிறகு கொழும்பில ஒரு கராஜில நிண்டன்" என்றார். என்ன முகாம் என்று கேட்டேன். புனர்வாழ்வு முகாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் ஒளிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை. ஒளித்திருந்தாலும் பிடித்திருக்காது.

எனது தம்பி ஒருவர் 1990ஆம் ஆண்டு வயலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மாடுகள் மட்டும் வந்தன. செய்தவர்களை நான் கண்ணால் காணவில்லை, ஆனால் எந்த இயக்கத்து ஆட்கள் என்பதில் ஊரில் எவருக்கும் இரண்டு கருத்து இல்லை. வினோதன் முகாம் என்று சொன்ன நேரம் முதல் நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று அவர் செய்த ஒவ்வொன்றையும் முதல் வாக்குமூலத்தில் கூறியுள்ளேன். அவை நடந்தது உண்மை. ஆகையால் அவற்றை மறுபடியும் வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில் அவர் கழுத்தில் இருந்த சங்கிலியையும் விரலில் இருந்த மோதிரத்தையும் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டதற்கு, வேலைக்கு ஆகாது என்றார். அதன் பின்னர் காரின் டிக்கியைத் திறந்து வலதுபக்க மூலையில் இருந்த சிறிய பற்றரியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது செத்துப்போய் விட்டது, வேறு போட வேண்டும் என்றார். அதன் பின்னர் டிக்கித் தரையில் விரித்திருந்த விரிப்பைத் தூக்கிக் கையால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். அதன் பின்னர் ஒரு பையிலிருந்து தடித்த ரப்பர்க் கையுறை இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் வாயையும் பிடித்து உள்ளே காற்றை ஊதி, முறுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். விரல் அடையாளம் படாமல் இருக்கவே கையுறை போடுகிறார் என்று நான் நினைத்தேன். ஊதிப் பார்த்தது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காததால் சந்தேகம் இன்னும் கூடியது.

அதன் பின்னர் பின்இருக்கைக்குப் பின்னால் உள்ள பெரிய பற்றரிப் பெட்டியின் ஓரத்தில் இருந்த செம்மஞ்சள் நிறப் பிடி ஒன்றை இழுத்துக் கழற்றி அதைத் தனது சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். காரின் பாகம் ஒன்றை ஏன் பைக்குள் வைக்கிறாய் என்று நான் அதட்டினேன். "இது என்ர பையில கிடந்தாத்தான் விதானையார் எனக்குப் பாதுகாப்பு. ஆரும் தெரியாமப் பூட்டிட்டா நான் இதோட சரி" என்றார். அதன் பின்னர் கைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் பெட்டியில் எவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தூரமாய்ப் போய் எங்கள் கிணற்றுக் கட்டில் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஆளைக் கண்டால் எங்கள் பகுதியில் என்ன நினைப்பார்கள் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. நான் உள்ளே போய் மகளையும் பேரப்பிள்ளையையும் முன்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழிந்த பின்னர் அவர் பெட்டியின் மூடியைத் திறந்து, மீற்றர் வைத்துப் பார்த்து, உள்ளே தொலைபேசியால் மூன்று நான்கு படம் எடுத்தார். யாருக்கு அனுப்புவதற்கு என்று மனதுக்குள் கேட்டேன், வாயால் கேட்கவில்லை. அதன் பின்னர் எல்லாவற்றையும் முன்போல் பூட்டி, கல்முனைக்குப் போய்ச் சிறிய பற்றரி வாங்கி வந்து போட்டார். கார் உயிர்த்தது. பகல் ஒன்றரை மணிக்குப் போய்விட்டார்.

முதல் வாக்குமூலத்தில் இவ்வளவுதான் உள்ளது. அதன் கடைசியில், "பின்னால் தண்ணீர் ஏதும் ஊற்றினீர்களா என்று மேற்படி நபர் என்னிடம் கேட்டார். ஆகவே தண்ணீர் விடயம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துள்ளது" என்று நான் சொன்ன ஒரு வரி உண்டு. அவர் கேட்டது உண்மை. அதற்கு அடுத்து அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. அது மறந்து போகவில்லை. இங்கே இந்தக் கதிரையில் இருந்தபோது அது என் நினைவில் இருந்தது.

நடந்தது இதுதான். நான் வயலில் லுஹர், அசர் தொழுகைகளைத் தொழுவேன். முன்பெல்லாம் தொழுகைக்கு முன்னர் கை கால் முகம் கழுவும் ஒழுவை வாய்க்காலிலேயே எடுப்பேன். இப்போது எல்லாரும் பூச்சிமருந்து அடிப்பதால் வாய்க்கால் தண்ணீர் முகத்தில் பட்டால் எரிகிறது. அதனால் என் மனைவி சுஹறா, அடியில் பைப் பூட்டிய இருபது லீற்றர் நீலக் கேன் ஒன்றில் கிணற்று நீர் நிரப்பித் தருவாள். ஏப்ரல் மாதம் முதல் அந்தக் கேன் காரின் டிக்கியில்தான் இருந்தது. வயலில் டிக்கிக் கதவை உயர்த்தினால் நல்ல நிழல் விழும். டிக்கி விளிம்பில் இருந்துகொண்டு, கேனின் பைப்பைத் திறந்து அங்கேயே ஒழு எடுத்துவிடுவேன். கால்களை வெளியேதான் கழுவுவேன். கையும் முகமும் கழுவும் தண்ணீரில் கொஞ்சம் உள்ளே தெறிக்கும், விரிப்பு இருக்கிறதுதானே என்று விட்டுவிடுவேன்.

எங்கள் கிணறு சுனாமி நீர் இறங்கிய கிணறு. பிறகு நாலு முறை இறைத்தோம். பார்க்கத் தெளிவாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. குடிப்பதற்குக் குழாய் நீரைப் பிடித்து வைப்போம், கழுவுவதற்கெல்லாம் கிணறுதான்.

அன்று பத்து நிமிடம் கிணற்றுக் கட்டில் இருந்த வினோதன் ஒரு வாளி அள்ளி வாய் வைத்துப் பார்த்துத் துப்பினார். பெட்டியைத் திறந்து படம் எடுத்து முடித்த பின்னர், கேனைத் தூக்கி அதன் பைப்படியைப் பார்த்துவிட்டு, "விதானையார், பின்னால தண்ணி ஏதும் ஊத்தினீங்களா? இந்தக் கேனுக்கையும் அந்தக் கிணத்துத் தண்ணிதானா?" என்று கேட்டார்.

"ஓம். ஒழு எடுக்கிற தண்ணி. அதுக்கு என்ன இப்ப?"

"பைப்படியால சொட்டுது. விரிப்புக்குக் கீழ ஊறிக் கிடக்கு. பெட்டிக்குள்ள செப்புத் தகடெல்லாம் பச்சை பிடிக்கத் தொடங்கிற்று. வெறுந் தண்ணியே ஆகாது, இது உப்புத் தண்ணி. உள்ள கிடக்கிறது இருநூறு வோல்ட்டுக்கு மேல. இனி இதுக்குள்ள தண்ணி வைக்காதீங்க. ஒரு முழு நாள் தாங்க, கழட்டித் துப்பரவாக்கித் தாறன். அது மட்டும் பிள்ளைகளப் பின்னால ஏத்தாதீங்க."

நான் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். எனக்குள் இரண்டு எண்ணம் ஓடியது. ஒன்று, முழு நாள் காரைக் கேட்பது அதற்குள் எதையாவது வைக்கவே என்பது. மற்றது, என் கிணற்றைத் துப்பிக் காட்டியது என்னை அவமதிக்கவே என்பது. அவர் போன பின்னர் கேனை இறக்கி வைத்தேன். மறுநாள் பைப்படியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி, கேனைத் திரும்ப ஏற்றினேன். தொழுகைக்கு வைத்த தண்ணீரால் ஒரு கெடுதி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யார் யாரையோ சந்தேகித்த நான் அந்தக் கேனைச் சந்தேகிக்கவில்லை.

2012.11.21ஆம் திகதி புதன்கிழமை பேரப்பிள்ளைக்கு ஊசி போடுவதற்காக மகள் நுஸ்ஹாவையும் ஐந்து மாதக் குழந்தையையும் பின்இருக்கையில் ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டேன். முதல் நாள் கேனை நிரப்பி வைத்திருந்தோம். நிந்தவூர் தாண்டியதும் முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நான் ஓட்டினேன். சிறிது தூரத்தில் பின்னால் கருகல் மணம் வந்தது. நுஸ்ஹா, "வாப்பா, பொக வருது, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை, கார் தானாகவே நடு வீதியில் நின்றது. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடி, சேற்றில் முழங்கால் குத்தி விழுந்தாள். குழந்தையை விடவில்லை. பின்இருக்கையின் ஓரத்தில் உள்ள காற்றுத் துவாரத்தால் புகை வந்துகொண்டிருந்தது. குழந்தையின் தலைப்பக்கம் அந்தத் துவாரத்தின் பக்கமாகவே இருந்தது.

புகை அடங்கிய பின்னர் நான் டிக்கியைத் திறந்தேன். விரிப்பைத் தூக்கியபோது கீழே இரும்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் வயலில் மண் வெளுத்தால் உப்பா சுண்ணாம்பா என்று அறிய நாக்கில் வைத்துப் பார்ப்போம். அதே போல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே எண்ணம் கடல். கடற்கரையில் வீடு வைத்திருப்பவர், பெட்டியைத் திறந்தவர், கையுறை போட்டவர், தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டவர், எல்லாம் ஒருவர். நுஸ்ஹாவையும் குழந்தையையும் ஒரு முச்சக்கர வண்டியில் அனுப்பிவிட்டு நேரே இந்த நிலையத்துக்கு வந்தேன். கேன் அப்போதும் டிக்கியில் இருந்தது. வாகனத்தைப் பார்க்க உத்தியோகத்தர்கள் வருமுன்னர் நான் திரும்பிப் போய் அதை இறக்கி ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன் என்று இப்போது கேட்கப்பட்டது. காரில் வயல் கேன் இருந்ததை மருமகன் அறியக்கூடாது என்பதற்காக அனுப்பினேன். வேறு காரணம் இல்லை.

2012.12.03ஆம் திகதி, கொழும்பில் இந்த வகைக் கார்களே பார்க்கும் ஒரு கராஜில் வேலை செய்பவரும் அக்கரைப்பற்றைச் சொந்த ஊராகக் கொண்டவருமான அஹ்ஸன் என்பவர் லீவில் வந்திருந்தபோது, வீட்டுக்குக் கட்டி இழுத்து வந்து விட்டிருந்த காரைப் பார்க்க மருமகன் அவரை அனுப்பினார். அவர் வந்து மோதிரத்தைக் கழற்றினார். கையுறையை எடுத்து ஊதிக் காதருகே வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "ஓட்ட இருக்கா எண்டு பாக்கிறது காக்கா. ஊசித் துவாரம் இருந்தாலும் போதும், ஆள் முடிஞ்சார்" என்றார். அதன் பின்னர் செம்மஞ்சள் பிடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதன் பின்னர் நேரம் பார்த்துவிட்டுத் தூரமாய்ப் போய் இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். பத்து நிமிடம் என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்த அவர், செப்புத் தகடுகளிலும் ஆணிகளிலும் பச்சையும் வெள்ளையுமாகக் கட்டி பிடித்திருப்பதைக் காட்டினார். கடல்நீர் ஊற்றியதால்தானே என்று நான் கேட்டேன். "கடல் தண்ணிய ஊத்தியிருந்தா அண்டைக்கே காரியம் முடிஞ்சிருக்கும். ஆறு கிழமை ஓடியிருக்காது. இது மாசக்கணக்காச் சொட்டுச் சொட்டா எறங்கினது. இதுக்குள்ள என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டு, டிக்கித் தரையில் கேனின் அடி அளவுக்குத் துருப்பிடித்திருந்த வட்டத்தைக் காட்டினார். தேநீர் கொண்டு வந்த சுஹறா, "நம்மட கிணத்துத் தண்ணிதான் மகன். இவர்ர ஒழுத் தண்ணிக் கேன்" என்று சொல்லிவிட்டாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள்.

அதன் பின்னர் இரண்டு நாள் நான் எவரிடமும் எதுவும் கதைக்கவில்லை. திங்களும் செவ்வாயும் வினோதன் காவலில் இருந்தார், நான் வீட்டில் இருந்தேன். மருமகனுக்கு என்ன சொல்வது என்று ஒரு பயம். வாக்குமூலத்தை மாற்றினால் என்னை உள்ளே போடுவார்களோ என்று இன்னொரு பயம். இத்தனை வருடம் தண்ணீர்க் கள்ளனைப் பிடித்த வட்டவிதானைக்குத் தன்னுடைய டிக்கியில் சொட்டிய தண்ணீர் தெரியவில்லை என்று கண்டத்தில் சிரிப்பார்களே என்ற நினைப்பும் இருந்தது. இதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று 2012.12.05ஆம் திகதி காலை எட்டு மணியளவில் வினோதனின் மனைவி தக்சாயினி எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். நான் கண்டும் காணாதது போல் இருந்தேன். சுஹறா என்னிடம், "இஞ்சருங்க, பிள்ளத்தாச்சிப் பொண்டு வெயிலுக்க நிக்கிது" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். அவர் ஏழு மாதக் கர்ப்பிணி என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவர் இருக்கவில்லை. நின்றபடியே, "உங்களோட சண்டைக்கு வரல்ல விதானையார். அவர வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம். உங்கட கடதாசியையும் வெச்சித்தான் அனுப்புறாங்களாம். ஒருக்கா உள்ள போய் வந்த ஆள் ரெண்டாம்தரம் போனா எப்ப வருவார் எண்டு ஆருக்கும் தெரியா" என்றார். அதன் பின்னர் அவர், "அண்டைக்கு உங்கட வீட்டால வந்தும் அவர் இதைத்தான் கதைச்சவர். விதானையார்ர கார்ல தண்ணி எறங்கிக் கிடக்கு, சொன்னா அவர் கேக்கிற மாதிரி இல்ல, பச்சப் பிள்ள போற வாகனம் எண்டு சொல்லிச் சொல்லிச் சோறும் சரியாத் தின்னல்ல" என்றார். சுஹறா அழுதாள். நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவருடன் புறப்பட்டேன்.

பகல் இரண்டு மணிக்கு, அடைத்து வைக்கப்பட்டிருந்த இடத்தில் வினோதனைப் பார்க்க எங்களுக்கு ஐந்து நிமிடம் அனுமதி கிடைத்தது. தாடி வளர்ந்து மெலிந்திருந்தார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு ஒரு பதில் வந்திருக்கும். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லத்தானே விதானையார்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, மகளும் பிள்ளையும் நல்ல சுகம் என்றேன். "அப்ப சரி" என்றார். மீதி நேரத்தில் மனைவியுடன் கதைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. என் தம்பி போன வருடம் இவருக்கு ஏழு வயது என்ற கணக்கை அந்தச் சுவரடியில்தான் முதன்முதலாகப் போட்டேன்.

இதன் பின்னர் உத்தியோகத்தர் ஐயா என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் கூறிய பதில்கள்:

இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி எவரும் என்னை மிரட்டவில்லை. சந்தேகநபரின் பழைய ஆட்கள் எவரும் என் வீட்டுக்கு வரவில்லை, தொலைபேசியில் கதைக்கவில்லை. வந்தது அவருடைய மனைவி மட்டும். அவர் எனக்கு எதுவும் தரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கோப்பை வெறும் தேநீர் குடித்தார், அதுவும் சுஹறா கட்டாயப்படுத்தியதால்.

சந்தேகநபருடைய தொலைபேசியில் உள்ள 2012.10.08ஆம் திகதிப் படங்கள் எனக்குக் காட்டப்பட்டன. இரண்டாவது படத்தில் தெரியும் நீலக் கேன் என்னுடையது. அதனருகில் தெரியும் சாரனும் கால்களும் என்னுடையவை. செப்புத் தகடுகளில் அன்றைக்கே பச்சை பிடித்திருப்பது படத்தில் தெரிகிறது. தொலைபேசியில் திகதியை மாற்றலாம் என்று ஐயா கூறினார். மாற்றலாமோ தெரியாது. ஆனால் அந்தக் கால்கள் அன்று அங்கே நின்ற கால்கள், அதை நான் மாற்ற முடியாது.

என் மனம் மாறியதற்கு உண்மையான காரணம் என்ன என்று மூன்று தடவை கேட்கப்பட்டது. என் மனம் மாறவில்லை, அன்று தெரிந்ததை இன்று சொல்கிறேன் என்று மூன்று தடவையும் கூறினேன். முதல் முறைப்பாட்டை எழுத இருபது நிமிடம் எடுத்தது. எவரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று இதுவரை இரண்டே முக்கால் மணித்தியாலம் ஆகிறது. நான் ஐயாவைக் குறை சொல்லவில்லை. இன்று என்னைச் சந்தேகிப்பது போல் அன்றும் சந்தேகித்திருந்தால் கேனைப் பற்றி அன்றே சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

பொய்யான தகவல் கொடுத்ததற்காகவும், பார்வையிடுமுன் பொருளொன்றை அகற்றியதற்காகவும் என்மீது வழக்குத் தொடரப்படலாம் என எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது. இப்போதும் வேண்டுமானால் ஒப்பமிடாமல் எழுந்து போகலாம், எழுதிய தாளைக் கிழித்து விடலாம் என்றும் கூறப்பட்டது. நான் போகவில்லை. மருமகனுக்கு இன்று காலை தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீலக் கேன் எனது சைக்கிள் கரியரில் கட்டப்பட்டு நிலையத்தின் வாசலில் உள்ளது. சான்றுப் பொருளாக அதைப் பொறுப்பேற்கும்படி கேட்கிறேன். நாளைய கடிதத்துடன் முதல் வாக்குமூலத்தை இணைப்பதாயின் இதையும் சேர்த்து, இது மேலே இருக்குமாறு இணைக்கும்படியும் கேட்கிறேன்.

மேற்கூறியவை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டப்பட்டன. இவற்றில் சேர்க்கவோ நீக்கவோ எதுவுமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோதும் சேர்க்க எதுவுமில்லை என்றே சொன்னேன். அப்போது வினோதன் எனக்குச் சொன்ன புத்திமதி முழுவதும் என் வாய்க்குள் இருந்தது.

(ஒப்பம்) அ. மீராமுகைதீன்
பகல் 12.35 மணி